ஒன்பது பேருக்கு ஒன்பது உயரம்

அன்று காலை நவமணியால் தன் தலைமுடியை முடிந்துகொள்ள முடியவில்லை. வலது கை தோள்மட்டம் வரை வந்தது. அதற்கு மேல் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல நின்றுவிட்டது. சீப்பை இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள். அதுவும் சரிப்படவில்லை. மணி ஐந்தரை. ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஆறேகாலுக்கு முச்சந்திக்கு வந்துவிடும்.

அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்த அப்பாவு எட்டிப் பார்த்தான்.

"என்னா, கை ஏறலையா?"

"பாதி ஏறுதுங்க."

அவன் கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு வந்து சீப்பை வாங்கிக்கொண்டான். இருபது வருஷம் ஈயச் சுரங்கத்தில் பாலாங் கட்டிய தச்சன் அவன். மண்ணையும் தண்ணீரையும் மேலிருந்து ஓடவிட்டு ஈயத்தை அடியில் தங்க வைக்கும் நீளமான மரவாய்க்கால்தான் பாலாங். போன வருஷம் ஈய விலை விழுந்தபோது மெங்லெம்புப் பக்கம் அவன் வேலை செய்த சுரங்கத்தில் தண்ணீரை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து வீட்டில்தான் இருந்தான். அங்கே இங்கே கதவு செப்பனிட, கோழிக்கூண்டு அடிக்க யாராவது கூப்பிட்டால் போவான். மனைவியின் முடியை அவன் கயிறு முறுக்குவதுபோல் முறுக்கிக் கொண்டை போட்டான்.

"என் தம்பி நேத்து ஆள் விட்டிருந்தான்," என்றான். "ஹுத்தான் மெலிந்தாங் கடலோரத்துல மீன்பிடிப் படகு கட்ட தச்சன் வேணுமாம். எல்லாரும் வந்துருங்கன்னு சொல்றான். என்னா பதில் சொல்ல?"

"ஒன்னும் சொல்லாதீங்க இப்ப."

"அந்தக் கம்பெனிக் கடுதாசி வேற வந்திருக்குலா."

கடிதம் மேசையில்தான் கிடந்தது. ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் பாப்பா அதை இரண்டு தடவை படித்துச் சொல்லியிருந்தாள். நவமணி இந்த வருஷம் இரண்டு முறை டாக்டர் சீட்டோடு எம்.சி. விடுப்பு எடுத்துவிட்டாள். இன்னும் ஒரு எம்.சி. எடுத்தால் கம்பெனி டாக்டரிடம் அனுப்புவார்களாம். வேலைக்குத் தகுதியான உடம்பா இல்லையா என்று அவர் சொல்வாராம். தகுதியில்லை என்றால் வேலை போய்விடும், வீட்டைக் காலி செய்துகொண்டு கடலோரத்துக்குப் போக வேண்டியதுதான். வருஷக் கடைசியில் பாப்பாவுக்குப் பரீட்சை. இந்த நேரத்தில் அவளைப் பள்ளிக்கூடம் மாற்ற நவமணிக்கு மனமில்லை.

"எனக்கு ஒன்னு புரியல," என்றாள். "பதினெட்டு வயசுலேர்ந்து ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனேன். காண்டாக் கம்புல ரெண்டு வாளிப் பால மாட்டி இதே தோள்லதான மேடு ஏறுனேன்? அப்ப வராத நோவு, ரப்பர் கிளவுஸ உருவுறதுல எப்படி வருது? கெட்டது என் தோளு இல்லங்க. அந்த எடத்துல என்னமோ கெட்டுக் கெடக்கு."

அப்பாவு சாப்பாட்டுத் தூக்கை எடுத்து அவளிடம் கொடுத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அது வீட்டு வேலைக்கான ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை. பீங்கானில் செய்த கை அச்சுகள், விரல்கள் தரையைப் பார்க்க, ஒரு சங்கிலியில் வரிசையாகத் தொங்கி வரும். ரப்பர் பால் தொட்டியில் முங்கி, அடுப்பில் வெந்து, சுடுதண்ணீரில் அலசி, சொட்டச் சொட்ட அவை வந்து சேரும் இடத்தில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். அச்சின் மணிக்கட்டில் இறுகிப் பிடித்திருக்கும் விளிம்பை நகம் படாமல் சுருட்டி, ஒரே இழுப்பில் கையுறையை உருவி, திரும்பி, முதுகுக்குப் பின்னாலிருக்கும் கூடையில் போட வேண்டும். அதற்குள் அடுத்த அச்சு வந்திருக்கும். பால் வாசமும் அமோனியாக் காரமும் தோட்டத்தில் பழகியவைதான். சூடுதான் புதிது. தரையில் எப்போதும் தண்ணீர்.

அன்று நவமணி முதல் முறையாகத் தன் வேலையை விட்டு மற்றவர்கள் வேலையைப் பார்த்தாள். அவளையும் சேர்த்து எட்டுப் பேரும் அண்ணாந்தே நின்றார்கள். கையுறை விளிம்பு அவர்கள் நெற்றிக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது ஆள் பதுருன்னிசா மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்தவள். அவளுக்கு விளிம்பு முகத்துக்கு நேராக வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டுப் பேரின் கூடையிலும் கிழிந்த கையுறை கூடியது. கை சோர்ந்தால் நகம் பட்டுவிடுகிறது. பதுருன்னிசா கூடையில் அப்படிக் கூடவில்லை.

ஓய்வு நேரத்தில் சூப்பர்வைசர் சின்னையாவிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணே, இந்தச் சங்கிலியக் கொஞ்சம் எறக்க முடியாதா?"

சின்னையா சிரித்துவிட்டான். "ஏம்மா, மெஷின் வெளிநாட்டுக்காரன் போட்டது. அச்சு முங்குற தொட்டி, அடுப்பு, எல்லாம் அந்த ஒசரத்துக்குத்தான். உனக்காக எறக்க முடியுமா?"

"அப்ப எங்கள ஏத்தி விடுங்க."

"போம்மா, வேலையப் பாரு. கிழிஞ்ச ரெஜெக்ட் கூடுதுன்னு காலையிலதான் மேல ஏச்சு வாங்கிட்டு வந்தேன்."

அன்று மாலையே அப்பாவுவிடம் சொன்னாள். பழைய பாலாங் பலகை இரண்டு மூன்று அவனிடம் கிடந்தது. அவளைச் சுவரோரம் நிற்க வைத்து உயரம் பார்த்தான். ஒன்பது அங்குல உயரத்தில் இரண்டு பெட்டி அடித்தான், ஒன்று அவளுக்கு, ஒன்று அவளுக்கு அடுத்து நிற்கும் செல்லாயிக்கு. மறுநாள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஏறி நின்றதும் அச்சு அவள் கழுத்துக்கு நேராக வந்தது. காலை பத்து மணி வரை தோளைப் பற்றிய நினைப்பே வரவில்லை. சின்னையா பார்த்தும் பார்க்காததுபோல் போனான். பதினொன்றுக்குச் செல்லாயி விழுந்தாள். கூடையில் போடுவதற்காகத் திரும்பிக் கீழே கால் வைத்தவள், ஈரத்தில் வழுக்கி, பெட்டியின் விளிம்பில் முகவாய் மோத விழுந்தாள். ரத்தம் ஈரத் தரையில் தெறித்தது. சங்கிலியை நிறுத்தினார்கள். மூன்று தையல்.

சின்னையா இரண்டு பெட்டிகளையும் வெளியே வீசினான். "இன்னொரு தடவ எதாச்சும் கொண்டாந்தே, எம்.சி.க்கெல்லாம் காத்திருக்க மாட்டேன். உன்ன வேலைய விட்டு நிறுத்தச் சொல்லி நானே எழுதிக் குடுத்துருவேன்."

சாயங்காலம் நவமணி நெத்திலிச் சம்பலும் சோறும் கட்டிக்கொண்டு புந்தோங்கில் செல்லாயி வீட்டுக்குப் போனாள். செல்லாயி பாயில் சாய்ந்திருந்தாள். முகவாயில் வெள்ளைத் துணி. நவமணி எதிரே உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாத," என்றாள் செல்லாயி, வாயை அதிகம் திறக்காமல். "பொட்டி வேணான்னு நான் சொல்ல மாட்டேன். ஏறி நின்னப்ப சொகமாத்தான் இருந்துச்சு."

"பெறகு எப்படி விழுந்த?"

"நீ மூலையில நிக்கிற. உன் கூட கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. நீ எறங்கவே வேணாம். என் கூட பின்னால இருக்கு, ஒவ்வொரு கிளவுஸுக்கும் எறங்கி ஏறணும். நான் உன்னவிட நாலு வெரக்கட ஒசரம் வேற. உன் அளவுக்கு அடிச்ச பொட்டியில ஏத்தி விட்டுட்ட. அடிக்கிறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

நவமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கல."

"அந்த வெளிநாட்டுக்காரனும் கேக்கல," என்றாள் செல்லாயி. "சரி, சம்பல எடு. மென்னு திங்க முடியாது, கொழைச்சுக் குடு."

அதற்கு அடுத்த வாரம் முழுக்க நவமணி கேட்டாள். ஓய்வு நேரத்தில் கேன்டீனில், பஸ்ஸில், கழிப்பறை வாசலில். தையல் நூல்கண்டு ஒன்றை இடுப்பில் செருகி வைத்திருந்தாள். ஒவ்வொருத்தியையும் செருப்போடு நிற்க வைத்துத் தரையிலிருந்து தோள் வரை நூல் பிடித்து, அறுத்து, முடிச்சுப் போட்டாள். முதலாமவளுக்கு ஒரு முடிச்சு, இரண்டாமவளுக்கு இரண்டு. ஒன்பது நூலும் ஒன்பது நீளம்.

பதுருன்னிசா தன் முறை வந்தபோது சிரித்தாள். "எனக்கெதுக்குக்கா? எனக்குத்தான் எட்டுதே."

"உனக்கு ஒரு நோவும் இல்லையா?"

"தோளு இல்ல. இடுப்பு. திரும்பித் திரும்பிப் போடுறேன்ல, ராத்திரி தொழுதுட்டு எந்திரிக்கையில பிடிச்சுக்கும். வயசாயிருச்சுன்னு நெனச்சேன்."

"முப்பத்தொன்னுல என்னா வயசு?" என்றாள் நவமணி. அந்த நூலில் முடிச்சுகளோடு ஒரு சிவப்புத் துணிக்கிழிசலையும் கட்டினாள், இடுப்புக்கு அடையாளமாக.

நூல்களை வீட்டில் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். அப்பாவு அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினான்.

"ஒம்பது பொட்டியா?"

"ஒம்பது பொட்டி அடிச்சா, ரெண்டாம் ஷிப்டுக்காரிக்கு என்னா செய்றது? அவங்க ஒம்பது பேரு வேற."

அவன் முற்றத்துக்குப் போய் ஒரு சிகரெட் பற்ற வைத்தான். பாலாங்கின் அடியில் குறுக்கே சட்டங்கள் வைப்பார்கள், ஈயம் அதில் தடுத்து நிற்க. கழுவும் நாளில் அவற்றை உருவி எடுத்துவிட்டு, மறுபடி செருக வேண்டும். அதற்காகப் பக்கப் பலகையில் சட்டம் நுழையும் பள்ளமாகக் காடி வெட்டுவது அவன் வேலை. சிகரெட் முடியும்போது திரும்பி வந்தான்.

"ரெண்டு பக்கமும் பலக. அதுல நாலு காடி. மேல நிக்கிற பலகைய எந்தக் காடியில வேணும்னாலும் செருகிக்கலாம். வர்றவ அவ ஒசரத்துக்கு மாத்திக்கட்டும். என்னா சொல்ற?"

"நான் சொல்றது இருக்கட்டும். அவங்க நின்னு பாத்துட்டுச் சொல்லட்டும்," என்றாள் நவமணி.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். செல்லாயி தையல் பிரித்த முகவாயோடு முதலில் வந்தாள். அப்பாவு துணி காயப்போடும் கம்பியைச் சங்கிலியின் உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தான். அதில் காலி ஆரஞ்சு சிரப் போத்தல்களைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, கிழிந்ததென்று கம்பெனி கழித்துக் கொடுத்த கையுறைகளைக் கீழிருந்து மாட்டியிருந்தாள் நவமணி. தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னா நவமணி, போத்தலுக்குக் கல்யாணமா?"

"ஆமா, மொய் எழுதிட்டுப் போங்க!" என்றாள் செல்லாயி.

ஒவ்வொருத்தியாக ஏறி நின்று உருவினார்கள். தோசையும் சாம்பாரும் தட்டில் வைத்தபடியே குறை சொன்னார்கள். பலகையின் முன் ஓரம் முழங்காலுக்குக் கீழே இடிக்கிறது என்றாள் ஒருத்தி. பலகையை மாற்ற இரண்டு கை வேண்டியிருக்கிறது, காலால் தள்ளினால் போகிற மாதிரி வேண்டும் என்றாள் இன்னொருத்தி. செல்லாயி ஈரக்காலோடு ஏறி, வேண்டுமென்றே வழுக்கிக் காட்டினாள்.

"இது இப்படியே இருந்தா எனக்கு வேணாம்ணே. பழைய டயர வெட்டி மேல அடிங்க. நடுவுல இடுக்கு விடுங்க, தண்ணி எறங்கட்டும்."

பதுருன்னிசா பலகையில் ஏறவே இல்லை. கூடையைச் சுற்றி வந்தாள். "கூடைய ஏன் பின்னால வைக்கிறோம்? முன்னால ஒரு தகரத்தச் சரிவா வச்சா, உருவுனது அதுவே வழுக்கிட்டு வந்து கூடையில விழாதா?"

அப்பாவு அதற்குள் ஒரு பலகையை மூன்று தடவை அறுத்திருந்தான். உளியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தான். "இப்படி ஆளுக்கொன்னு சொன்னா, எத்தன தடவதான் அறுக்கிறது?"

நவமணி கோப்பியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"முன்னாடி ஒரே தடவ அறுத்தீங்க. செல்லாயி மூஞ்சியப் பாருங்க."

அவன் செல்லாயியின் முகவாயைப் பார்த்தான். கோப்பியைக் குடித்தான். பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "ஒவ்வொருத்தரா சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றான். மழை வரும்வரை வேலை நடந்தது.

இரண்டு வாரத்தில் ஒன்பது மரப்படிகளும் சரிவுத் தகரங்களும் தயாராயின. அவற்றை உள்ளே கொண்டுபோவதுதான் பெரும்பாடு. சின்னையாவைத் தாண்டி இஞ்சினியர் லியாவின் அறைக்கு எந்தப் பெண்ணும் போனதில்லை. நவமணி சின்னையாவிடமே முதலில் போனாள்.

"அண்ணே, உங்களுக்கு ரெஜெக்ட்டுக்காகத்தான ஏச்சு விழுது? ஒரு வாரம் விடுங்க. கிழிஞ்சத நீங்களே எண்ணுங்க. கொறையலைன்னா நானே வேலைய விட்டு நிக்கிறேன்னு எழுதிக் குடுத்துருறேன். நீங்க எழுத வேணாம்."

சின்னையா கதவைச் சாத்தினான். "விளையாட்டு இல்லம்மா. மறுபடி ஒருத்தி விழுந்தா, உன் வேலை மட்டுமா போகும்? எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு."

"தெரியும்ணே. அதான் எட்டுப் பேர்ட்டயும் கேட்டு, தண்ணி ஊத்தி, நிக்க வச்சுப் பாத்துட்டு வந்திருக்கேன். வாங்க, நீங்களும் ஏறிப் பாருங்க."

அன்று ஷிப்ட் முடிந்ததும், அவள் கொண்டுவந்திருந்த ஒரு படியில் அவன் தனியே ஏறி நின்று பார்த்தான். காலைத் தரையில் தேய்த்து ஈரமாக்கிக்கொண்டு மறுபடி ஏறினான். இறங்கி நேரே லியாவின் அறைக்குப் போனான்.

ஒரு வாரம் வைத்துப் பார்க்க லியாவ் சரி என்றார். அந்த வாரம் ஒருத்தியும் விழவில்லை. முன்பு மத்தியானத்துக்கு மேல் ஒரு கூடைக்கு முப்பது நாற்பது கிழியும். வெள்ளிக்கிழமை சின்னையா ஒரு கூடையை இரண்டு தடவை எண்ணினான். ஒன்பது. அவன் அதை மேலே கொண்டுபோனான். லியாவ் கீழே இறங்கி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, நல்லது என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் அன்று பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை அவர்கள் உள்ளே போனபோது மரப்படிகளையும் தகரங்களையும் காணோம். அவை இருந்த இடத்தில் மஞ்சள் சாயம் பூசிய இரும்பு மேடைகள், தரையோடு போல்ட்டு போட்டு முறுக்கியவை, ஒன்பதும் ஒரே உயரம். கம்பெனி கான்ட்ராக்டர் செய்து கொடுத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பதுருன்னிசா ஏறி, அச்சு நெஞ்சில் இடிக்க, குனிந்து நின்றாள். குட்டையான இருவருக்கு இன்னும் எட்டவில்லை. செல்லாயி ஏறவே இல்லை.

"என்னாக்கா செய்றது?" என்றாள் பதுருன்னிசா.

"எறங்கு," என்றாள் நவமணி. "கீழ நின்னே வேலையப் பாப்போம்."

ஒன்பது பேரும் இரும்பு மேடைகளுக்கு இடையே கிடைத்த சந்துகளில், பழையபடி அண்ணாந்து நின்றார்கள். சங்கிலி ஓடியது. கூடைக்கு எட்டாமல் கையுறைகள் தரையில் விழுந்தன. அரை மணியில் லியாவ் வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. நீங்கள் கேட்டீர்கள், கம்பெனி செய்து கொடுத்தது, இப்போது எதற்கு இந்த முரண்டு என்று மலாயில் கத்தினார். சின்னையா அவருக்குப் பின்னால் நின்று, பேசாதே என்று நவமணிக்குக் கண் காட்டினான்.

நவமணிக்கு மலாய் சந்தையில் பேசும் அளவுக்குத்தான் வரும். இருந்தும் மரியாதையாக அழைத்துச் சொன்னாள்: "என்சிக், நாங்க வேலைய நிறுத்தல. நீங்க ஒரு தடவ ஏறி நில்லுங்க. பத்து நிமிஷம் உருவுங்க. பெறகு நீங்க சொல்றபடி கேக்கிறோம்."

சொல்லிக்கொண்டே அடுத்த கையுறையை உருவினாள். லியாவ் சின்னையாவைப் பார்த்தார். சின்னையா தரையைப் பார்த்தான். ஒன்பது பெண்களும் உருவுவதை நிறுத்தாமல் காத்திருந்தார்கள்.

லியாவ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏறினார். உயரமான ஆள். அச்சுகள் அவர் வயிற்றுக்கு நேராக வந்தன. முதல் கையுறை கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவதை உருவிக் கூடையைத் தேடித் திரும்புவதற்குள் நான்கு அச்சு போய்விட்டது. ஐந்தாவது நிமிஷம் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். ஆனாலும் இறங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷமும் நின்றார். அதற்காகவே பிற்பாடு நவமணி அவரைப் பற்றிக் குறைவாகப் பேசியதில்லை.

இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பழையது எங்கே?" என்று சின்னையாவிடம் கேட்டார்.

மரப்படிகளும் தகரங்களும் குப்பைக் கொட்டகையில் கிடந்தன. இரண்டு படிகள் உடைந்திருந்தன. மறுநாள் இரும்பு மேடைகளைக் கழற்றினார்கள். உடைந்ததைச் செப்பனிட அப்பாவுவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவன் உளிப்பையோடு போனான். இரண்டு நாள் வேலை என்றார்கள். பிறகு இன்னொரு வரிசைக்கும் செய்யச் சொன்னார்கள். கான்ட்ராக்டர் மூலம் நாள்கூலிதான். நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். கடலோரத்துக்கு வரவில்லை என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பினான் அப்பாவு.

நவமணியின் தோள் முழுக்கச் சரியாகவில்லை. மழை நாளில் குத்தல் எடுத்தது. கம்பெனி டாக்டரிடம் அவளை யாரும் அனுப்பவில்லை. அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

பாப்பாவின் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் சின்னையா அவளைத் தேடி வந்தான். வழக்கமாகக் கை தட்டிக் கூப்பிடுபவன், அன்று பக்கத்தில் வந்து நின்றான்.

"பேக்கிங் பக்கம் கொஞ்சம் போய்ப் பாக்கிறியாம்மா? இந்த மாசம் மூணு பேரு எம்.சி. என்னான்னு கேட்டா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்கிறா."

"உங்கட்ட எப்படிண்ணே சொல்லுவாங்க?" என்றாள் நவமணி.

பேக்கிங் கூடத்தில் ஆ லான் என்ற சீனப் பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையுறையை ஜோடி சேர்த்து, மடித்து, பிளாஸ்டிக் பையில் நுழைத்து, கால்மிதியை அழுத்தி வாயைச் சூட்டில் ஒட்டுவது அவள் வேலை. நவமணி வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். சூப்பர்வைசர் அனுப்பிய ஆள் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவமணி எதுவும் கேட்கவில்லை. "நீ கொஞ்சம் எந்திரி. நான் உட்காந்து பாக்கிறேன்," என்றாள் மலாயில்.

ஆ லான் சந்தேகத்தோடு எழுந்தாள். நவமணி உட்கார்ந்தாள். முக்காலி உயரம், கால்மிதி எட்டவில்லை. நுனிவிரலால் எக்கி அழுத்தினாள். முதல் பை கோணலாக ஒட்டியது. இரண்டாவதில் கையுறையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. ஆ லான் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு குனிந்து, விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். பத்துப் பை, இருபது பை. கெண்டைக்கால் இறுக ஆரம்பித்தது.

"போதுமா?" என்றாள் ஆ லான்.

"இன்னும் இல்ல," என்றாள் நவமணி. "நீ எட்டு மணி நேரம் உட்கார்ற."

அடுத்த பையை எடுத்தாள்.